அரக்குச் சிவப்பு

"ரெண்டையும் நல்லாப் பாத்துச் சொல்லுங்க அக்கா, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு, கடைப் பையன் ரிஸ்வான் இரண்டு லேப்டாப்புகளையும் அவள் பக்கமாகத் திருப்பி வைத்து ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றான். அவசரம் இல்லையாம். உலகம்மாளுக்கு உள்ளங்கை இரண்டும் வேர்த்துப் போயிருந்தன. இத்தனைக்கும் கடைக்குள் ஏசி பல் கிட்டுகிற அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்ணாரப்பேட்டை வெயில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கொதித்தது. உள்ளே வெள்ளை விளக்கு, வெள்ளை மேசை, மேசை மேல் ஒரே கிளியின் படம் இரண்டு தடவை. இடது பக்கம் இருந்தது விலை குறைந்த கிளி. வலது பக்கத்துக் கிளி, போட்டோ எடிட்டிங்குக்கென்றே செய்த ஸ்கிரீனில் உட்கார்ந்திருக்கிற கிளி. கலர் உள்ளது உள்ளபடி தெரியுமாம், மயிரிழை மாறாதாம். இரண்டு லேப்டாப்பும் ஒரே கம்பெனி, ஒரே உடம்பு, ஸ்கிரீன் மட்டும்தான் வேறே என்று அவர்கள் உள்ளே வந்ததிலிருந்து ரிஸ்வான் நாலைந்து முறை சொல்லிவிட்டான். இரண்டு கிளிக்கும் இறக்கையில் சிவப்பு இருக்க வேண்டும். கடைக்காரர்கள் எல்லா ஸ்கிரீனிலும் போட்டுக் காட்டுகிற கிளி அது, அதற்கு இறக்கை சிவப்பு என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். கண்ணுக்கு வந்தது ஊறவைத்த புளியின் நிறம், இரண்டிலும் அதே புளி. அவள் தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள், ஒரு எட்டுப் பின்னால் போய் முன்னால் வந்தாள். எத்தனையோ வருஷம் நிஜமாகவே வித்தியாசம் பார்த்துப் பிழைத்தவள் என்பதால் பாவனை நன்றாகவே வந்தது. பக்கத்தில் அவள் புருஷன் ஐயம்பெருமாள், மேடையில் பிள்ளை பாடப் போவதைப் பார்க்கிற தகப்பன் போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "அவ சொன்னா சரிதான் தம்பி. நம்ம கண்ணு வேற, அவ கண்ணு வேற" என்றார். இந்த மனுஷன் ஏன் இப்போது வாயைத் திறக்கிறார் என்று அவளுக்கு இருந்தது.

அந்தக் கண்ணுக்கு இந்தப் பக்கத்தில் பேர் இருந்தது, அதுதான் வினை. பாளையங்கோட்டையில் அவர்களுடைய ஸ்டுடியோ சின்னதுதான். அவர் கல்யாணம், காதுகுத்து என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். எடுத்து வந்ததையெல்லாம் உள்ளறையில் உட்கார்ந்து சரிபண்ணுவது அவள். அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும்கூட ஸ்டுடியோக்காரர்கள் அவளுக்கு வேலை அனுப்பினார்கள். மண்டபத்து விளக்கில் காமாலை பிடித்தது போல விழுந்த முகங்களை அவள் மறுபடி மனுஷ முகமாக்கி அனுப்புவாள். பொண்ணை வெள்ளையாக்கித் தாருங்கள் என்று கேட்காத வீடு கிடையாது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு அவள் வெள்ளையாக்கவே மாட்டாள். அந்தக் கறுப்புக்குள்ளேயே கொஞ்சம் வெளிச்சத்தை ஏற்றிவிடுவாள், கேட்டவர்கள் பார்த்துவிட்டு வாயடைத்துப் போவார்கள். பிரிண்ட் போடுகிற லேபில் அதற்கு உலகக்கா கலர் என்றே பேர். உலகக்கா கலர். அந்த உலகக்கா இப்போது புளிக்கும் சிவப்புக்கும் நடுவில் நின்று முழித்துக்கொண்டிருக்கிறாள். எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியாது, பிடிபட்ட நாள்தான் தெரியும். சேரன்மகாதேவிக் கல்யாணம் ஒன்றின் ஆல்பம். பொண்ணுடைய அம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் வந்தாள், கூடவே ஒரு துணிப்பை. ஆல்பத்தை மேசையில் விரித்தாள். பையிலிருந்து முகூர்த்தப் புடவையை எடுத்துப் பக்கத்தில் போட்டாள். "நீங்களே பாருங்க. எம்பிள்ள உடுத்தது அரக்குச் செவப்பு. நீங்க அடிச்சுக் குடுத்தது என்ன நெறம்? கருவாடு. தாலி ஏறுத நேரத்துல எம்பிள்ள கருவாட்டு நெறத்துலயா உக்காந்திருந்தா?" என்று கேட்டு அந்த அம்மாள் அழவே செய்தாள். உலகம்மாள் ஆல்பத்தைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இந்த அம்மாளுக்கு மூளை பிசகிவிட்டதா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் தொங்கிப் போயிருந்தது. அப்போதுதான் பயம் வந்தது, வந்தது இன்றுவரை இறங்கவில்லை.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அதுதான் இன்னும் பெரிய கஷ்டம். விட்டுக்கொடுத்திருந்தால், ஏட்டி கவனிக்காமல் செஞ்சிட்டியா என்று நாலு வார்த்தை வைதிருந்தால், அன்றைக்கே சொல்லியிருப்பாளோ என்னவோ. அவர் நேரே நிமிர்ந்து, "பழைய லேப்டாப்பு ஸ்கிரீன் போயிட்டும்மா, புதுசு வாங்கப் போறோம். அது காட்டுத கலரை நம்பி அவ வேல பாத்திருக்கா. அவ கண்ணாணச் சொல்லுதேன், தப்பு அவ மேல இல்ல" என்றார். கண்ணாணை. காய்கறிக்காரி கத்தரிக்காய்க்குச் சொல்லுகிற வார்த்தை, பிள்ளைகள் பம்பரத்துக்குச் சொல்லுகிற வார்த்தை, யாரும் அதற்காகக் குருடாகிப் போனதில்லை. ஆனால் எல்லோரும் தங்கள் கண்ணின் மேல்தானே ஆணையிடுகிறார்கள்? இவர் அவள் கண்ணை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். இவர் அறியாமல் சொன்னார், அதனால் இவர் மேல் ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்று, பொய் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவள் அவள். அப்படியென்றால் அந்த ஆணை யார் கணக்கில் சேரும்? அவள் படித்தவள், இதெல்லாம் நம்புகிறவள் இல்லை, செவ்வாய்க்கிழமை நகம் வெட்டுகிறவள். ஆனாலும் அதற்குப் பிறகுதான் நடுவில் அந்தப் புகை வந்தது. எதை உற்றுப் பார்த்தாலும் சரியாக உற்றுப் பார்க்கிற அந்த இடத்தில் மட்டும் அடுப்புப் புகை போல ஒன்று, ஓரமெல்லாம் தெளிவாக இருக்கும். ஆணையினால் வந்ததா, பயத்தினால் வந்ததா, அல்லது முன்னாலேயே இருந்து இப்போதுதான் கவனிக்கிறாளா. யாரிடம் கேட்பது. கேட்டால் அது பேர் உள்ள ஒரு வியாதியாகிவிடும். செல்லக்கனி பெரியம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே அதை நினைத்தாள். பெரியம்மா ஒரு உச்சி வேளையில், ஏன் இன்னும் விளக்குப் போடவில்லை என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள், பிறகு வெளியே சொல்லாமல் மறைத்தார்கள், வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் இருந்தார்கள். பெரியம்மா சுவரைத் தடவிக்கொண்டு அடுக்களைக்குப் போவது, தடவுகிற கையில் சுண்ணாம்பு ஒட்டியிருப்பது, அந்தக் கையாலேயே சோறு பிசைவது. போதும்.

வேலையை மட்டும் விடவில்லை. கண் ஏமாற்றினால் என்ன, எண் ஏமாற்றாது. மவுஸ் அம்பைப் படத்தின் மேல் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஓரத்தில் மூன்று எண்கள் வரும்: சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு. தன் பழைய நல்ல வேலைகளைத் திறந்து வைத்து, கன்னத்தில் எவ்வளவு, நெற்றியில் எவ்வளவு, அரக்குப் புடவைக்கு எவ்வளவு, மஞ்சள் கயிற்றுக்கு எவ்வளவு என்று வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துகொண்டாள். சேரன்மகாதேவி ஆல்பத்தை மறுபடி அடித்தது அப்படித்தான். பொண்ணின் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, இது அல்லவா எம்பிள்ளை என்று உலகம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உலகம்மாளுக்கு அந்த ஆல்பம் போன ஆல்பம் மாதிரியேதான் இருந்தது. அன்றிலிருந்து வருகிற பொண்ணுக்கெல்லாம் ஒரே கன்னம். கறுத்தவளுக்கும் சிவந்தவளுக்கும் உலகக்காவின் மூன்று எண்கள். யாரும் கண்டுபிடிக்கவில்லை, இன்னும் பாராட்டு கூடியது. பாராட்டு வரவர, மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்கிற பயமும் கூடவே வந்தது, சமைக்கும்போதும் வந்தது, தக்காளிக் கடையில் பழத்தை அமுக்கிப் பார்த்துப் பொறுக்கும்போதும் வந்தது. நீ எப்பம்மா அமுக்கிப் பாக்க ஆரம்பிச்ச, பாத்த உடனே எடுப்பியே என்று மகள் கேட்டாள். கையில் இருந்த பழத்தை அவள் அமுக்காமலே பையில் போட்டாள்.

"அக்கா?" என்றான் ரிஸ்வான். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, "வலது" என்றாள். "வலதுதான். செவப்பு நல்லா எழும்புது." சொல்லிவிட்டாள், அவ்வளவுதானே, விலை கூடினது வலது என்று அவளுக்கு முன்னமே தெரியும், இதில் பார்க்க என்ன இருக்கிறது. ரிஸ்வானுக்கு மெய்யாகவே ஆச்சரியம். "நெறைய பேருக்கு இது தெரியாதுக்கா. ரெண்டும் ஒண்ணுதானம்பாங்க. நீங்க சரியாச் சொல்லிட்டிய" என்றான். அதோடு பில் போடப் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அவள் புருஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. "வெலையப் பாத்துச் சொன்னான்னு நெனைச்சிராதிய தம்பி. வெல அட்டைய எடுத்திருங்க. ரெண்டையும் அவளுக்குத் தெரியாம மாத்தி வைங்க. எது எதுன்னு கரெக்டாச் சொல்லுவா" என்றார். "எதுக்குங்க அதெல்லாம்" என்றாள் அவள். "சும்மா திரும்பி நில்லு உலகு" என்று தோளைத் தொட்டுத் திருப்பினார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் லேப்டாப் மேசையில் உரசுகிற சத்தம். இப்படி நகர்கிறதா, அப்படி நகர்கிறதா, காது அதை எண்ணப் பார்த்துத் தோற்றது. சின்ன வயதில் கண்ணைக் கட்டிவிட்டுச் சுற்றிவிடுவார்களே, தலை கிறுகிறுக்க, எல்லோரும் எங்கோ சிரிப்பார்கள், கையை நீட்டினால் ஒன்றுமிருக்காது. அவர் ஏன் இப்படிச் செய்கிறார். அன்பினால்தான் செய்கிறார். அன்பாக இருக்கிறவரிடமிருந்துதான் தப்பிக்க வழியே கிடையாது.

திரும்பியபோது அதே கிளி இரண்டு, விலை அட்டை இல்லாமல். அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. "கிளி வேண்டாம். நம்ம படத்தைப் போடுங்க" என்றாள். அதுதானே என்று அவர் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். சேரன்மகாதேவிப் பொண்ணு முகூர்த்தப் புடவையில் இரண்டு ஸ்கிரீனிலும் வந்து உட்கார்ந்தாள். எடிட்டிங் சாப்ட்வேர் கடையிலேயே போட்டு வைத்திருந்தார்கள். உலகம்மாள் மவுஸைப் பிடித்தாள். பிடித்ததும் ஒரு தைரியம் வந்தது, மண்டபத்துக் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று அகப்பட்ட தைரியம். அம்பைப் புடவையின் மேல் வைத்தாள், மூன்று எண்களையும் ஓரக்கண்ணால் வாங்கிக்கொண்டாள். அடுத்த லேப்டாப்பில் அதே இடத்தில் வைத்தாள். அதே எண்கள். நெற்றியில் வைத்தாள். இதிலும் அதிலும் அதே எண்கள். பிறகுதான் உறைத்தது. எண் படத்துக்குச் சொந்தம். ஸ்கிரீன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மட்டமாக இருந்தாலும் எண் மாறாது. எந்த ஸ்கிரீன் நல்லது என்று கண்தான் சொல்ல வேண்டும், இந்த ஒன்றுக்கு மட்டும் கண்ணைத் தவிர உலகத்தில் வேறு வழியே இல்லை. இத்தனை வருஷம் இதே வேலையில் இருக்கிறவளுக்கு இதுகூட மறந்து போகுமா. பயந்தால் மறக்கும். அவள் ரிஸ்வானைப் பார்த்தாள், அவன் கெட்டிக்காரன், கண்ணால் காட்டிக்கொடுத்துவிடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், படத்தைப் பார்க்கவேயில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம், பாதிக்குப் பாதி தப்பிக்கலாம். தப்பித்தால்? நாளைக்கு இந்தப் புதுப் பெட்டியை உள்ளறையில் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து, மூன்று எண்களை வைத்துக்கொண்டு அடுத்த பொண்ணு, அதற்கடுத்த பொண்ணு. புகை நாள்தோறும் ஒரு வட்டம் பெரிதாகும். பிறகு ஒரு நாள் அந்த எண்களே தெரியாது. அப்போது எதைச் சொல்லி எந்த லேப்டாப்பை மாற்றுவார்கள். பழைய லேப்டாப் மேல் பழி போட்டாயிற்று, புதியதின் மேலும் அவர் பழி போடுவார், எத்தனை பெட்டி வாங்கினாலும் பெட்டியின் மேல்தான் போடுவார், அவள் மேல் போட அவருக்கு மனசு வராது. "ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள்.

சொல்லி முடித்ததும் காதுக்குள் ஓவென்று இரைந்தது. தரை பிளக்கப்போகிறது என்று நினைத்தாள். தரை அப்படியே இருந்தது. அவள் புருஷன் முகம் மலர்ந்தது. கடைக்குப் போனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: எவ்வளவு பிடித்த சாமானாக இருந்தாலும் அவள் அதில் குறை சொல்ல வேண்டும், அவர் உடனே போவோம் என்று கிளம்ப வேண்டும், கடைக்காரர் கூப்பிட்டு விலையை இறக்க வேண்டும். குக்கர், கட்டில், மகளுடைய சைக்கிள் எல்லாம் அப்படித்தான் வீட்டுக்கு வந்தன. இதுவும் அதுதான் என்று அவர் நினைத்துவிட்டார். "கேட்டியளா தம்பி" என்று ரிஸ்வான் பக்கம் திரும்பினார். "அவ கண்ணுக்கே ஒண்ணாத் தெரியுதுன்னா பொறவு எதுக்கு நான் கூடக் குடுக்கணும்? போவோமா உலகு?" ரிஸ்வானும் எத்தனை குடும்பத்தைப் பார்த்தவன், சிரித்தான். "அக்கா மொதல்ல சரியாச் சொன்னாங்கல்லா அண்ணாச்சி, இப்பத்தான் மாத்துதாங்க. இருங்க, ஓனர்ட்ட கேட்டுட்டு வாரேன்" என்று போனான். "இல்லைங்க, நெசமாவே தெரியல" என்றாள் அவள். "அப்படித்தான், அப்படியே முகத்தை வச்சுக்கோ" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ரிஸ்வான் வந்து விலையை இறக்கினான். அவள், "எனக்கு வித்தியாசம் தெரியல" என்றாள். கொஞ்சம் யோசித்து இன்னும் இறக்கினான், கூட ஒரு பையும் தருவதாகச் சொன்னான். அவள் எத்தனை உண்மை சொல்கிறாளோ அத்தனை லாபம் வந்துகொண்டிருந்தது. "போதும்டி, பாவம்" என்று அவர் அவள் காதருகே சிரித்துவிட்டு, "சரி தம்பி, பில்லப் போடுங்க, அந்த ஒசந்ததே இருக்கட்டும்" என்றார். ரிஸ்வான் அதில் ஒன்றை மூடித் தூக்கினான். எது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சத்தம் போட்டு அழலாமா என்று இருந்தது. அழுதால் அதற்கும் ஒரு தள்ளுபடி கிடைக்கும்.

"ஐயம்பெருமாள்" என்றாள்.

அந்தப் பேர் அவள் வாயில் வந்ததே கிடையாது. ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ புருஷன் பேர் கேட்டால் கார்டை நீட்டுவாள், இல்லை மகளைச் சொல்லச் சொல்வாள். அவர் யாரோ பழைய கூட்டாளி கூப்பிட்டது போல முதலில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. பிறகுதான் அவளைப் பார்த்தார். சிரிப்பு மட்டும் இன்னும் உதட்டில் கிடந்தது. "நான் வெலைக்காகச் சொல்லல" என்றாள் அவள். "எனக்குச் செவப்புத் தெரியல. அந்த அம்மா கொண்டுவந்து போட்டாங்களே, அந்தப் புடவையும் அன்னைக்குத் தெரியல. பாக்குத எடத்துல பொக மாதிரி இருக்கு. லேப்டாப்பு ஒண்ணும் வேண்டாம். என்னக் கண்ணு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க." அவர் இரண்டு ஸ்கிரீன் இருந்த இடத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "எப்ப இருந்து?" என்றார். "ரொம்ப நாளா." அவள் கையை எட்டிப் பிடித்தார். இந்த ஊரில், வெளியிடத்தில், நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்தது இல்லை. "அண்ணாச்சி, பென் டிரைவ்" என்று ரிஸ்வான் பின்னால் கூப்பிட்டான். அவருக்குக் காது கேட்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளினார், வெயில் முகத்தில் அடித்தது. கடை மாடியில் இருந்தது, இறங்குவதற்கு நீளமான மாடிப்படி. "படி இருக்கு, உலகு" என்றார். குரல் அவர் குரலாக இல்லை. புகைக்கு வெளியே, ஓரக்கண்ணில், அவளுக்குப் படி நன்றாகவே தெரிந்தது, விளிம்பில் சிமென்ட் பெயர்ந்திருந்ததுகூடத் தெரிந்தது. அதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. "இன்னொரு படி" என்றார். அவர் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கினாள்.